காற்றில்லாத மண்டபம்

நான் ஒன்பது வருடங்கள் பூப்பந்து ஆடிச் சம்பளம் வாங்கினேன். ஒரு நாளும் தனியாக ஆடியதில்லை, இரட்டையர் ஆட்டம்தான். பக்கத்தில் ஒருவர் இல்லாமல் எனக்கு அந்த விளையாட்டே வராது. அந்த இடத்தில் முதலில் நின்றவனுக்கு நான் செய்ததை எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்து, பல வருடங்களாகத் தள்ளிப் போட்டேன். இப்போது தள்ளிப் போடுவதும் களைப்பாக இருக்கிறது.

சம்பளம் என்றதும் இன்றைய பிள்ளைகள் வேறு விதமாக நினைப்பார்கள். எழுபதுகளின் கடைசியில் கொழும்பிலிருந்த கூட்டுத்தாபனங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டு விளையாட்டுக்காரர்களைத் தேடி எடுத்தன. எடுபட்டவருக்கு எழுதுவினைஞர் நியமனம் கிடைக்கும். விடியப் பயிற்சி, பகலில் மேசை, பின்னேரம் மறுபடி பயிற்சி. நிரந்தர வேலை. கல்முனையில் ஒரு வாலிபனுக்கு நியமனக் கடிதம் என்றால் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை.

என் பக்கத்தில் முதலில் நின்றவன் என் உம்மாவின் காக்காவுடைய, அதாவது அண்ணனுடைய, மகன். எனக்கு மச்சான் முறை. ஒரே வகுப்பில் இருந்தோம். அவன் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டான். நான் மேலே படித்தேன், ஆங்கிலமும் படித்தேன். விளையாட்டில் நிலைமை மறுபக்கம். கை அவனுடையது. ஊரில் அது எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் அடித்த பூ, இறகுப் பந்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், வலையைத் தாண்டியதும் நின்றுவிட்டது போல இருக்கும், பிறகுதான் விழும். நான் பக்கத்தில் ஓடித் திரிவேன், விட்டதைப் பொறுக்குவேன், சத்தம் போடுவேன்.

எங்கள் திடல் கடற்கரைப் பக்கம் இருந்தது. மேற்கே ஒரு பழைய நெற்களஞ்சியத்தின் சுவர். கிழக்கே ஒன்றுமில்லை, கடல்தான். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தால் பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் ஆடலாம். அந்த நேரத்தில்தான் கடற்காற்றும் எழும்பும். பூவின் தக்கைக்குள் சிறு ஆணி ஒன்றை இறக்கிப் பாரமாக்கி ஆடினோம். அப்படியும் காற்று அதை ஒரு முழம் தள்ளிக்கொண்டு போகும். கடல் வலக்கைப் பக்கம் இருந்தால், இடக் கோட்டை நோக்கி உயர வருகிற பூவெல்லாம் வெளியேதான் போகும். வெளியூர்க்காரர்கள் வந்து ஆடினால் அதையெல்லாம் துரத்தித் துரத்தி அடிப்பார்கள். நாங்கள் மட்டையைத் தாழ்த்திக்கொண்டு நிற்போம்.

அதற்கு எங்கள் இருவருக்குள் ஒரு முறை இருந்தது. பூ உயர வந்தால் அதன் கீழே போகிறவன் வானத்தை மட்டும் பார்ப்பான். கோட்டைப் பார்க்கமாட்டான். கையில் வேலையில்லாத மற்றவன் கோட்டையும் காற்றையும் பார்த்து “அடி” என்றோ “விடு” என்றோ சொல்ல வேண்டும். அநேகமாகக் கீழே போகிறவன் மச்சான், சொல்கிறவன் நான். நான் விடு என்றால் அவன் விடுவான். ஏன் என்று பார்க்கமாட்டான். அந்த நம்பிக்கையில்தான் அவன் அப்படி அடித்தான்.

திடலுக்கென்று இன்னொரு வழக்கமும் இருந்தது. புள்ளி போனால், பூ யாருக்குக் கிட்ட விழுந்ததோ அவன் கையை உயர்த்தி “என்ட”, என்னுடைய பிழை, என்று சொல்லிவிட வேண்டும். பிழை உண்மையில் யாருடையது என்ற கதை அத்தோடு முடிந்தது. இருக்கிற இரண்டு மணித்தியாலத்தைச் சண்டையில் கழிக்க யாருக்கும் விருப்பமில்லை. முன்னொரு காலத்தில் காக்காவும் தம்பியும் சோடியாக ஆடி, ஒருவரையொருவர் குற்றம் சொல்லி, கடைசியில் மட்டையால் அடித்துக்கொண்டதற்குப் பிறகு வந்த வழக்கம் அது என்பார்கள்.

அந்த நாளில் மச்சானுக்குக் கலியாணமாகி ஒரு வருடம். எங்கள் பக்கத்து முறைப்படி பெண் வீட்டுக்குப் போய் இருந்தான். மாமனாரின் உழவு இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு சவளக்கடைப் பக்கம் வயல் உழப் போவான். நல்ல மனிதர்கள்தான், ஆனாலும் நாக்கு இருந்தது. ஒரு நாள் நான் அவனைக் கூப்பிடப் போனபோது உள்ளேயிருந்து அவனுடைய மாமியின், பெண்ணைப் பெற்றவவின், குரல் வந்தது.

“கேள் புள்ள, ஒண்ட மாப்பிள இண்டைக்கும் பூப் பறிக்கத்தான் போறாரா?”

அவன் மட்டையைச் சாரத்தோடு சேர்த்து மறைத்துக்கொண்டு வெளியே வந்தான். சிரித்தான்தான். சந்தி திரும்பிய பிறகு சொன்னான்:

“ஒரு கடிதாசி வரணும் மச்சான். பியோன் வேலை எண்டாலும் காரியமில்ல. அந்த வீட்டுல நான் கதிரையில இருக்கணும். இப்ப இருக்கக்குள்ள எழும்பு எண்டு சொல்லுவாங்களோ எண்டு பயத்துலதான் இருக்கன்.”

கொழும்பிலிருந்து அழைப்பு வந்தபோது அது எங்கள் இருவரின் பெயருக்கும் வந்தது. வெளி மாவட்டங்களில் நல்ல சோடிகள் இருந்தால் அனுப்பச் சொல்லி ஒரு கூட்டுத்தாபனம் கேட்டிருந்தது. பஸ்ஸில் மட்டக்களப்புக்கும் அங்கிருந்து ரயிலிலும் போனோம். மாமி சோற்றுப் பொதி கட்டித் தந்திருந்தா. முதல் தடவையாக அவனை வாசல் வரைக்கும் வந்து அனுப்பினா என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

மண்டபத்துக்குள் ஆடுவது எங்களுக்கு அதுதான் முதல் முறை. கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்து, மேலே விளக்குகள். நிலம் பலகை. முதல் பூவை அடித்துவிட்டு மச்சான் அப்படியே நின்றான்.

“இது என்ன மச்சான், உசிரில்லாம மௌத்தான பூ மாதிரி நேரா விழுகுது?”

“காத்து இல்லயே.”

“காத்துமில்லாம எப்படி மச்சான் மனிசன் விளையாடுற?”

ஒரு மணித்தியாலம் தடுமாறினோம். பிறகு அவனுடைய கை அந்த இடத்தைப் படித்துவிட்டது. கண்ணும் வாயும் படிக்க நேரமாகும் என்று நான் நினைக்கவில்லை.

ஆட்டத்துக்கு முன்னர் விளையாட்டுப் பொறுப்பதிகாரி வந்து எங்களிடம் ஆங்கிலத்தில் கதைத்தார். கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். ஓர் இடம் நிச்சயம், இரண்டாவது இடம் ஆட்டத்தைப் பார்த்துத்தான், ஒருவரை மட்டும் எடுத்தால் அவரைத் தங்கள் ஆள் ஒருவரோடு சோடி சேர்ப்போம் என்றார். மச்சான் என் முகத்தைப் பார்த்தான்.

“ரெண்டு பேருட விளையாட்டையும் பாத்துட்டுச் சொல்லுவாராம்” என்றேன்.

அது பொய்யில்லை. முழு உண்மையுமில்லை. அன்றைக்கு நான் அவனிடம் மறைத்த முதல் விஷயம் அது.

எதிரே நின்றவர்கள் கூட்டுத்தாபனத்தின் முதல் சோடி. முதல் ஆட்டம் எங்களுக்கு வந்தது, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவதில் பதினான்குக்குப் பதின்மூன்று என்று அவர்கள் முன்னால் நின்றார்கள், பதினைந்தை எடுத்தால் முடிந்தது. அந்தப் பதின்மூன்றில் பத்து அவன் எடுத்தது. அடித்துக்கொண்டே இருந்தோம். அது நீண்டுகொண்டே போனது. பிறகு அவர்களில் ஒருவர் இடப்பக்க மூலைக்கு உயர அனுப்பினார். மச்சான் பின்னால் போய் அதன் கீழே நின்றான், முகம் மேலே. நான் திரும்பிக் கோட்டைப் பார்த்தேன்.

“விடு” என்று கத்தினேன்.

எங்கள் திடலில் அந்த உயரத்தில் அந்த மூலைக்கு வந்த பூ ஒரு முழம் வெளியே போயிருக்கும். ஆயிரம் தடவை பார்த்தது. வாய் தானாகச் சொன்னது. சொல்லி முடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இங்கே தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. மச்சான் மட்டையைத் தாழ்த்திவிட்டிருந்தான். பூ நேராக இறங்கி அவனுடைய காலடியில், கோட்டின் மேலே விழுந்தது.

அவன் அதைக் குனிந்து பார்த்தான். கையை உயர்த்தினான். “என்ட” என்றான்.

ஊரில் அந்தக் கையை யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். அந்த மண்டபத்தில் எல்லோரும் பார்த்தார்கள். பொறுப்பதிகாரி தன் கையிலிருந்த தாளில் ஏதோ குறித்தார்.

அது வரைக்கும் நடந்தது தவறு. அல்லாஹ் அதற்காக என்னைப் பிடிக்கமாட்டான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு நடந்தது அப்படியல்ல.

நாங்கள் இருவரும் வியர்வை துடைத்துக்கொண்டு சுவரோரம் நின்றோம். பொறுப்பதிகாரி என்னிடம் வந்தார். ஆங்கிலத்தில் கேட்டார். “நல்ல ஆட்டம். உன்னுடைய நண்பன் கடைசிப் பூவை ஏன் விட்டான்? கோட்டில் வந்த பூ. கண்ணில் ஏதும் குறையா, அல்லது பதற்றமா?” அவருக்குத் தமிழ் தெரியாது. பிறகு நேரடியாகவே கேட்டார்: “நீ ஏதோ கத்தினாய். அது என்ன?”

பதில் ஒரு வரிதான். நான்தான் விடச் சொன்னேன் சேர், எங்களுடைய ஊரில் காற்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இதைவிடக் கடினமான ஆங்கிலம் எழுதிப் பரிசு வாங்கியவன் நான். அந்த வரி எனக்குள் தயாராகவே இருந்தது. அதோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது: நிச்சயமான இடம் ஒன்றுதான், கை அவனுடையது, இதைச் சொன்னால் அந்த இடம் அவனுக்குத்தான்.

“அடி என்று சொன்னேன் சேர்” என்றேன். “சில நேரம் அவர் அப்படித்தான். நின்றுவிடுவார்.”

அவர் தலையாட்டினார். மச்சான் என் முழங்கையைத் தட்டினான்.

“என்னவாம்?”

“ரயில் எத்தினை மணிக்கு எண்டு கேக்குறார்.”

மச்சான் அவரைப் பார்த்து நன்றாகச் சிரித்து, தெரிந்த ஆங்கிலத்தில் “தேங்க் யூ சேர்” என்றான்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. எனக்கு மட்டும். அவன் வீட்டுக்குச் சொல்லப் போக எனக்குக் கால் வரவில்லை. அவனே வந்தான். நான் புறப்பட்ட நாளில் என் பெட்டியைச் சைக்கிளில் கட்டி பஸ் நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்ததும் அவன்தான். பஸ் வெளிக்கிடும்போது ஜன்னலுக்குக் கீழே நின்று சொன்னான்:

“அங்க காத்தில்ல, ஞாபகம் வெச்சுக்க. சும்மா விடு விடு எண்டு கத்தாத.”

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒன்பது வருடத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. எதைத் திரும்பிப் பார்த்தாலும் முதலில் நினைவுக்கு வருவது களைப்பு. இருட்டோடு எழும்பி, பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கி, பலகை நிலத்தில் ஓடி, குளித்து, ஈரத் தலையோடு கோப்புகளுக்கு முன்னால் இருந்தேன். எனக்குச் சோடியாகக் கிடைத்தவர் நல்ல மனிதர், கொழும்பில் பிறந்து வளர்ந்தவர். ஆட்டத்தில் எங்களுக்குள் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொற்கள்தான். கிண்ணங்கள் கிடைத்தன, பெரும்பாலும் இரண்டாமிடத்துக்கு. ஒரு தடவை பத்திரிகையில் படம் வந்தது. அதில் என் முகத்தை மட்டை மறைத்திருந்தது.

அந்த மண்டபங்களில் நான் ஒரு பூவையும் விடவில்லை. வெளியே போவது கண்ணுக்குத் தெரிந்தாலும் ஓடிப் போய் அடித்தேன். சோடிக்காரர் முதலில் சிரித்தார், பிறகு கோபித்தார். “விட்டால் எங்களுக்குப் புள்ளி, எதற்காக அடிக்கிறாய்?” என்று கேட்டார். அடுத்த பூவையும் ஓடிப் போய் அடித்தேன். அவரைப் பார்த்து விடச் சொல்லவும் என்னால் முடியவில்லை. அப்படிப் போன புள்ளிகள் கொஞ்சமல்ல. இரண்டாமிடங்களுக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

இடையில் நானும் கலியாணம் முடித்தேன். மனைவி வீடு கல்முனையிலேயே. நாட்டில் நடந்தவை நடந்தன. ஊருக்கு வரும் பஸ் சோதனைச் சாவடிகளில் நின்று நின்று வரத் தொடங்கியது. லீவில் வரும்போதெல்லாம் மச்சானைக் காண்பேன். அவன் உழவு இயந்திரத்தில்தான் இருந்தான். திடலுக்குப் போவதை நிறுத்திவிட்டிருந்தான். கேட்டால், “ஆரு மச்சான் எனக்கு விடு சொல்ற?” என்பான். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டு வருவேன். ஒவ்வொரு தடவையும் வயல் விலை, மழை, பிள்ளைகள் என்று கதைத்துவிட்டுத் திரும்புவேன்.

எண்பதுகளின் பிற்பகுதியில் அவனுக்குச் சவூதியில் லொறி ஓட விசா வந்தது. நான் அப்போது முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டு ஊரில் லீவில் இருந்தேன். கடல் கடந்து போகிறவர்கள் புறப்படுவதற்கு முன் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய் மாப்புக் கேட்பது எங்கள் வழக்கம். திரும்பி வருவோமோ என்னவோ, மனிதருக்குச் செய்த பிழையை மனிதர்தான் மன்னிக்க வேண்டும். அதிகம் யோசிக்காமல் கேட்பார்கள், அதிகம் யோசிக்காமல் கொடுப்பார்கள். ஒரு வீட்டுக்கு ஐந்து நிமிடம்.

ஒரு பின்னேரம் அவன் சைக்கிளை எங்கள் வேலியில் சாத்தினான்.

“எங்க, கொழும்பு மாப்பிள இருக்காரா?”

“வா வா. எப்ப பயணம்?”

“ஞாயித்துக்கிழம. முப்பது வீடு முடிஞ்சுது. ஒண்ட வீட்டத்தான் கடைசிக்கு வெச்சன்.”

“ஏன் கடைசிக்கு?”

“இஞ்சதான் தேத்தண்ணி நல்லம்.”

உள்ளே என் மனைவி சிரித்தது கேட்டது. தேநீர் வந்தது. குடித்து முடித்து, எழுந்து நின்று, வழமையான வார்த்தைகளைச் சொன்னான்: “தெரிஞ்சும் தெரியாமலும் ஏதும் செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காக மாப்பு செஞ்சிரு மச்சான்.”

“மாப்பு, மாப்பு. நீயும் எனக்குச் செஞ்சிரு” என்றேன். நானும் வழமையைத்தான் சொன்னேன்.

அவன் போகவில்லை.

“பொறு. பேர் சொல்லிக் கேக்க வேண்டியது ஒண்டு இருக்கு. சும்மா மொத்தமாக் கேட்டாச் சரிவராது எண்டு பள்ளியில மௌலவி சொன்னார்.”

கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“அண்டைக்குக் கொழும்புல நீ அந்த சேரிட்ட உண்மையச் சொல்லல்ல எண்டு எனக்கு உள்ளுக்க ஒரு நினைப்பு. இவ்வளவு வருசமா. ஒண்ட கலியாணத்துல சோறு திண்டனே, அண்டைக்கும் இருந்திச்சு. பொஞ்சாதிட்டயும் ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லிப்போட்டன். அது புறம் பேசினதுதானே. நீ சொல்லியிருப்பாய். இங்கிலீசுல என்னவோ கதைச்சாய், எனக்கெங்க விளங்குது? அவனுகள் கேட்டிருக்கமாட்டானுகள். ஒன்னப் பத்தித் தப்பா நினைச்சதுக்கு மாப்பு செய்.”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால், அவனுக்கு முன்னால், அந்தப் பின்னேர வெளிச்சத்தில், பேர் சொல்லி ஒப்புக்கொள்ள எனக்குக் கிடைத்த இடம் அது. வேறு யாருக்கும் இவ்வளவு சுலபமாகக் கதவு திறந்து கொடுக்கப்பட்டிருக்காது.

“மாப்பு” என்றேன்.

அவன் என்னைக் கட்டிப் பிடித்தான். உழவு இயந்திர எண்ணெய் மணத்தது. அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, “நீயும் எனக்கு மாப்பு செய்” என்று மறுபடி கேட்டேன்.

“ஒனக்கென்னத்துக்கு மாப்பு? நீ என்ன செஞ்ச?”

“சும்மா. எல்லாத்துக்கும்.”

“எல்லாத்துக்கும் மாப்பு” என்று முதுகில் தட்டிவிட்டுப் போனான். சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனான்.

எனக்குத் தீங்கு செய்யாதவனுக்கு நான் மன்னிப்பு வழங்கினேன். அவன் நினைத்தது அத்தனையும் சரி. சரியாக நினைத்ததைப் பாவம் என்று அவனை நம்ப வைத்து அனுப்பினேன். பூவை விடச் சொன்னது ஒரு தவறு, ஆங்கிலத்தில் சொன்னது ஒரு பொய். மூன்றில் எனக்குப் பாரமானது இந்த மாப்புத்தான்.

அடுத்த வருடம் என் முழங்கால் முற்றாகப் போய்விட்டது. ஊருக்குக் கிட்ட ஒரு கிளை அலுவலகத்துக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு மட்டையைத் தொடவில்லை. மச்சான் பதின்மூன்று வருடம் சவூதியில் இருந்தான். காசு உழைத்தான், வீட்டைப் பெருப்பித்தான். ஆனால் அந்த வீட்டில் கதிரையில் இருந்த நாட்கள் குறைவு. திரும்பி வரும்போது சீனி வருத்தத்தோடு, நீரிழிவு நோயோடு, வந்தான். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணைத் தின்றது. பூவின் கீழே நின்று வானத்தை மட்டும் பார்த்த அந்தக் கண்ணுக்கு இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிகிறது.

பள்ளியில் நாங்கள் இருவரும் பின்வரிசையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்து தொழுகிறோம். எனக்கு முழங்கால், அவனுக்குக் கண். முடிந்ததும் நான்தான் அவனைக் கையில் பிடித்துப் படியிறக்குவேன். “படி” என்றால் காலைத் தாழ்த்துவான். “நில்லு” என்றால் நிற்பான். ஏன் என்று கேட்பதில்லை.

எல்லாத்துக்கும் மாப்பு என்று அன்று அவன் சொன்னதை வைத்துக்கொண்டு நான் நாளைக் கடத்தி வந்தேன். ஆனால் பேர் சொல்லாமல் கேட்டால் சரிவராது என்று சொன்னவனும் அவன்தான்.

போன வெள்ளி படியிறங்கும்போது கேட்டான்:

“என்னவோ எழுதுறாயாம். ஒண்ட மகள் சொன்னா.”

“பழைய விளையாட்டுக் கதை.”

“நானும் வாறனா அதுல?”

“ஓம்.”

“அப்ப எனக்கு வாசிச்சுக் காட்டு. என்னால பாக்கேலாதே.”

“இன்னும் முடியல்ல மச்சான்” என்றேன்.

இப்போது முடிந்துவிட்டது. இனி அந்தச் சாட்டும் இல்லை. நாளை அஸருக்குப் பிறகு இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போக வேண்டும்.